அப்பா பஸ், அம்மா பஸ்

1

நான் வளர்ந்த வீட்டில் என்னைத் தங்கவைத்ததற்காக என் தம்பி செல்வராஜ், எங்களுக்குச் செல்வம், இந்த மாதம் அரசாங்கத்துக்குத் தகவல் கொடுக்க வேண்டியிருந்தது. அவன் மேல் தவறில்லை. ஏற்காட்டை அடுத்த கொட்டச்சேட்டில் எங்கள் வீட்டின் முன்பகுதியை அவன் ஹோம்ஸ்டேயாக மாற்றியிருக்கிறான். மூன்று அறைகள். காபி, பெப்பர், ஆரஞ்சு என்று அவற்றுக்குப் பெயர். அப்படிப்பட்ட இடத்தில் வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் யார் தங்கினாலும் ‘சி பாரம்’ என்ற ஒன்றை உடனே இணையத்தில் நிரப்பி அனுப்பியாக வேண்டும். நான் ஹாங்காங்கிலிருந்து, பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டில், சுற்றுலா விசா வாங்கி வந்தவள்.

சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு அவன் ஒவ்வொன்றாகக் கேட்டான்.

“அக்கா, வந்த நோக்கம் என்னன்னு கேக்குது. என்ன போடட்டும்?”

“என்னென்ன இருக்குது?”

“சுத்திப் பாக்க, வியாபாரம், மாநாடு, வைத்தியம்…”

“பொறந்த ஊட்டுக்கு வந்தாங்கன்னு இல்லீங்களா?” என்று சமையலறையிலிருந்து அவன் மனைவி புஷ்பா கேட்டாள்.

“அதுக்குக் கட்டம் இல்ல புஷ்பா. வெளிநாட்டுக்காரங்களுக்கு ஏது பொறந்த ஊடு?”

விளையாட்டாகத்தான் சொன்னான். சொன்ன பிறகு என்னைப் பார்க்காமல் திரையைப் பார்த்தான். “சுத்திப் பாக்கன்னே போடு” என்றேன். இந்தியாவில் தெரிந்தவர் யார் என்ற இடத்தில் தன் பெயரையே போட்டுக்கொண்டான்.

நான் உண்மையில் எதற்கு வந்தேன் என்பது ஆரஞ்சு அறையின் அலமாரியில், துணிப்பைக்குள், ஒரு பீங்கான் ஜாடியில் இருந்தது. என் அப்பா அந்தோணிசாமி சென்ற ஆண்டு ஹாங்காங்கில் இறந்தார். அங்கே புதைக்க இடம் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் சில ஆண்டுகளில் தோண்டி எடுத்துவிடுவார்கள். அதனால் எரியூட்டினோம். முதலாம் ஆண்டு நினைவுப் பூசைக்கு அவரை ஏற்காட்டுக்குக் கொண்டுவந்து, கோயில் கல்லறைத் தோட்டத்தில் அம்மா கட்டி வைத்திருக்கும் கல்லறையில் சேர்க்க வேண்டும் என்பது என் திட்டம். அம்மா அதற்குச் சரி என்று சொல்லவில்லை.

2

எங்கள் குடும்பத்தில் ஒரு பழக்கம் உண்டு. மலைப்பாதையில் எல்லோரும் ஒரே வண்டியில் ஏறமாட்டோம்.

அப்பா சின்னப் பையனாக இருந்தபோது கரடியூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணத்துக்கு இறங்கிய எஸ்டேட் லாரி ஒன்று கொண்டை ஊசி வளைவில் கவிழ்ந்ததாம். அதில் ஒரே வீட்டு ஆட்கள் அத்தனை பேரும் போய்விட்டார்கள். பூட்டிய வீட்டைத் திறக்கச் சாவி வைத்திருந்தவர்கூட மிஞ்சவில்லை. ஊர்க்காரர்கள் பூட்டை உடைத்துத்தான் உள்ளே போனார்களாம். அந்த உடைந்த பூட்டை அப்பா பார்த்திருக்கிறார். அதனால் சேலத்துக்குத் துணி எடுக்கப் போனாலும், உறவினர் வீட்டுச் சாவுக்குப் போனாலும், நாங்கள் இரண்டாகப் பிரிவோம். முந்தின பஸ்ஸில் அப்பாவும் நானும். அடுத்த பஸ்ஸில் அம்மாவும் செல்வமும். “ஊட்டைத் தொறக்க ஒருத்தராச்சும் மிஞ்சோணும்” என்பார் அப்பா.

முந்தின பஸ்ஸில் போனவர்களுக்கு ஒரு கடமை உண்டு. இறங்கிய இடத்திலேயே நிற்க வேண்டும். டீ குடிக்கக்கூட நகரக் கூடாது. அடுத்த பஸ் வந்து, அம்மா படியில் கால் வைத்த பிறகுதான் அப்பா முகத்தில் சிரிப்பு வரும். எவ்வளவு நேரம் ஆனாலும் அவர் அலுத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

அப்பா ஏற்காட்டில் பாதிரியார் சபை ஒன்று நடத்திய பள்ளியில் லேப் உதவியாளராக இருந்தார். அந்தச் சபையைச் சேர்ந்த ஒரு சாமியார் ஹாங்காங்குக்கு மாற்றலானபோது, அங்கிருந்த பள்ளியின் லேபுக்கு அப்பாவை அழைத்துக்கொண்டார். மறுவருடம் எங்களையும் அப்பா கூப்பிட்டுக்கொண்டார். எனக்கு எட்டு வயது. செல்வம் கைக்குழந்தை. சென்னையிலிருந்து நான்கு பேரும் ஒரே விமானத்தில் ஏற அப்பாவுக்கு மனசு வரவில்லை. டிக்கெட் விலையைச் சொல்லி அம்மா அவரை ஏற்றினாள். விடுமுறைக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் மலையில் மட்டும் பழையபடி இரண்டு பஸ்.

3

ஹாங்காங்கைச் சீனாவிடம் திருப்பிக் கொடுக்க நாள் குறித்தாயிற்று. அங்கிருந்த இந்தியர்களுக்கு ஒரு கேள்வி எழுந்தது: அந்த நாளுக்குப் பிறகு நாம் யார்? சீன வம்சத்தாருக்குச் சீனக் குடியுரிமை தானாக வரும். நமக்கு வராது. காலனியின் குடியாகப் பதிந்துகொண்டால் பிரிட்டன் ஒரு பாஸ்போர்ட் தரும். அதைக் காட்டிப் பிரிட்டனைச் சுற்றிப் பார்க்கலாம், குடியிருக்க முடியாது.

“கல்யாணப் பத்திரிகை குடுத்துப் போட்டு, சாப்பாட்டுக்கு வராதேன்னு சொல்றாங்க” என்றார் அப்பா.

ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளி மண்டபத்தில் கூட்டம் நடந்தது. அப்பா நாற்காலி போடுவார். சிந்தி வியாபாரிகள் வருவார்கள், சீக்கியக் காவலாளிகள் வருவார்கள், எங்களைப் போன்ற நாலைந்து தமிழ்க் குடும்பங்களும் போவோம். முன்வரிசைக்காரர்கள் லண்டனுக்கு மனு எழுதினார்கள், ஆள் அனுப்பினார்கள், திரும்பி வந்து விளக்கினார்கள். கேட்டது ஒன்றுதான்: வேறு எந்த நாடும் இல்லாமல் நிற்கப்போகிறவர்களையாவது முழுக் குடிகளாக ஏற்றுக்கொள்ளுங்கள். அந்தக் கோரிக்கையில் ஒரு சிக்கல் இருந்தது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு நாடு இருக்கிறது. அதைக் கொடுத்துவிட்டுக் காலனிக் குடியானவருக்குத்தான் கைமாறும் நாளில் நாடே இருக்காது. அவர்மேல்தான் லண்டன் இரக்கப்பட வேண்டும். இரக்கப்படாவிட்டால் இரண்டும் கெட்டது. காலனிக் குடியாகப் பதிவதற்கும் கடைசி நாள் ஒன்று இருந்தது. லண்டன் பதில் சொல்லும் முன்பே அது வந்துவிட்டது.

பள்ளிக் குடியிருப்பில், மடக்கு மேசை மேல், அப்பா எங்கள் நான்கு இந்தியப் பாஸ்போர்ட்டுகளையும் வரிசையாக வைத்தார். இரண்டை வலப்பக்கம் தள்ளினார், இரண்டை இடப்பக்கம்.

“என்னங்க இது, சீட்டாட்டமா?” என்றாள் அம்மா.

“ரெண்டு பஸ், சவேரி. ஒண்ணு கவுந்தாலும் இன்னொண்ணு இருக்கும்.”

“இதுல முந்தின பஸ் எதுங்க?”

“போய்ச் சேந்தாத்தான் தெரியும்” என்று அப்பா சிரித்தார்.

வலப்பக்கம், காலனிக் குடியாகப் பதிய, அப்பாவுடையதும் என்னுடையதும். இடப்பக்கம், இந்தியராகவே இருக்க, அம்மாவுடையதும் செல்வத்துடையதும். ஏன் இப்படி, ஏன் அப்படி இல்லை என்று யாரும் கேட்கவில்லை. எப்போதும் அப்படித்தான் ஏறியிருக்கிறோம். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை என்பதை எழுதும்போது கூசுகிறது. முதல் பஸ்ஸில் எனக்கு எப்போதும் ஜன்னலோர இடம் கிடைத்துவந்தது, அவ்வளவுதான்.

கைமாறுவதற்குச் சில மாதம் முன்பு லண்டன் இறங்கிவந்தது. வேறு நாடு இல்லாதவர்களுக்கு முழுக் குடியுரிமை. ஆனால் வேறு நாடு இல்லை என்று காட்ட வேண்டும். அப்பாவும் நானும் இந்தியத் துணைத் தூதரகத்துக்குப் போய், நாங்கள் இப்போது இந்தியக் குடிகள் இல்லை என்று கடிதம் கேட்டோம். கவுண்டரில் மதுரைக்காரர் ஒருவர்.

“இத்தன வருசமா எல்லாரும் ‘நான் இந்தியன்னு எழுதிக் குடுங்க’ன்னுதான் சார் வந்து நிப்பாங்க. ‘இல்லைன்னு எழுதிக் குடு’ன்னு இப்பத்தான் கூட்டம் வருது.”

அப்பா மண்டபமே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். கடிதம் கையில் வந்ததும், பையிலிருந்து எங்கள் ஊர்க் காபித்தூள் பொட்டலம் ஒன்றை எடுத்து அவருக்குக் கொடுத்தார். “எங்க தோட்டத்துத் தூள்ங்க. ஏற்காடு” என்றார். படகில் திரும்பி வரும்போது அந்தக் கடிதத்தைத் தமிழில் சொல்லச் சொன்னார். மேற்படி நபர் இந்தியக் குடிமகனாக இருப்பது முடிந்துவிட்டது என்று சொன்னேன். அதற்கப்புறம் கரை வரும்வரை அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

4

செல்வத்துக்கு அங்கே கல்லூரி இடம் கிடைக்கவில்லை. சீன எழுத்து அவனுக்கு வசப்படவில்லை. சேலத்தில் சேர்த்தோம். அவனுக்குச் சமைத்துப் போட அம்மா கூடப் போனாள். படிப்பு முடியும் வரை என்பதுதான் பேச்சு. படிப்பு முடிந்தது, கொட்டச்சேட்டு வீட்டுக் கூரையை மாற்ற வேண்டியிருந்தது. கூரை மாறியது, காபிக்குக் காய்துளைப்பான் பூச்சி வந்தது. ஒவ்வொரு வருடமும் “அடுத்த வருசம்” என்று இரண்டு பக்கமும் சொல்லிக்கொண்டோம். சண்டை எதுவும் நடக்கவில்லை. நடந்திருந்தால் யாராவது ஒருவர் சமாதானத்துக்காவது கிளம்பியிருப்பார்.

அப்பா ஊருக்கு வருவார், விசா வாங்கிக்கொண்டு. விசா தேதி முடியுமுன் திரும்புவார். இதைப் பற்றி அம்மா பக்கத்து வீடுகளில் சொல்வதை நானே கேட்டிருக்கிறேன்: “எல்லா ஊட்லயும் புருசன் வேலைக்குப் போயிட்டு வருவாங்க. எங்க ஊட்டுக்காரரு விசா வாங்கிட்டு வருவாருங்க.” எல்லோரும் சிரிப்பார்கள். அப்பாவும் சிரிப்பார்.

செல்வத்தின் கல்யாணத்துக்கு அப்பாவால் வர முடியவில்லை. அந்த வருடம் புது விதி. பழைய இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்ததற்குத் தனிச் சான்றிதழ் இருந்தால்தான் விசா. காபித்தூள் கொடுத்து வாங்கிய கடிதம் போதாது என்றார்கள். சான்றிதழ் வருவதற்குள் கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலையும் வாசித்து, தாலியும் கட்டியாயிற்று. அம்மா தனியாக நின்று மருமகளை வரவேற்றாள். நானும் ஹாங்காங்கிலேயே இருந்துவிட்டேன், அப்பாவைத் தனியே விட்டுவிட்டு எப்படிப் போவது என்று. அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.

இரண்டு பஸ் என்ற பழக்கத்தில் எழுதப்படாத ஒன்று உண்டு. இரண்டும் ஒரே ஊருக்குப் போக வேண்டும். அப்பாவைப் போல எதையும் யோசித்துச் செய்கிறவர் இதை எப்படி விட்டார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கணக்காகப் பார்த்தால் அவர் திட்டம் பலித்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஹாங்காங்கிலிருந்து இப்போது ஆட்கள் கிளம்பிக்கொண்டே இருக்கிறார்கள். என் மகன் டேனியல் இங்கிலாந்தில் படிக்கிறான், எந்த விசாவும் இல்லாமல் போய் இறங்கினான். அவனுக்கு ஏற்காடு என்று தமிழில் எழுதத் தெரியாது. நான் சாம்பலைக் கொண்டுபோவதற்கான அனுமதிக் கடிதத்துக்கு அலைந்துகொண்டிருந்தபோது அவன் போன் செய்தான்.

“தாத்தா எந்த நாடுன்னு கேட்டாங்களா?”

“கேட்டாங்க. பிரிட்டிஷ்னு சொன்னேன்.”

“அப்போ ஏன் இந்தியா போறார்?”

“பாட்டி அங்க இருக்காங்க.”

“பாட்டிக்கு அவர் வர்றது ஓக்கேவா?” என்று கேட்டான். அனுமதிக் கடிதம் கேட்ட கவுண்டரில் யாரும் கேட்காத கேள்வி அது. பூசைக்கு வருகிறாயா என்று கேட்டேன். தேர்வு இருக்கிறது என்றான். நான் ஒருமுறைக்கு மேல் கேட்கவில்லை. கேட்டால் வந்துவிடுவானோ, வந்து இதையெல்லாம் பார்ப்பானோ என்று உள்ளுக்குள் பயம் இருந்தது.

5

சி பாரம் அனுப்பிய மறுநாள் காலை, நான் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ஏற்காட்டிலிருந்து ஒரு போலீஸ்காரர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். இளைஞர்.

“ஏம்மா, சீனாவுலருந்து ஒரு பிரிட்டிஷ்காரம்மா வந்து தங்கியிருக்குதாமே? எந்த ரூமு?”

பாரத்தில் நாடு பிரிட்டன், வசிப்பது சீனா என்று விழுந்திருக்கிறது. யார் என்று பார்த்துவரச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவர் என்னை வேலைக்கு வந்தவள் என்று நினைத்துவிட்டார். அதில் என்ன குறைந்துவிட்டது? “நான்தாங்க” என்று சொல்லியிருந்தால் போதும். நான் கையைத் துடைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் பேசினேன். உள்ளே போய்ப் பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்து, அட்டை மேலே தெரியும்படி நீட்டினேன். அவர் நிமிர்ந்து நின்றார்.

“சாரி மேடம். வெரிஃபிகேசன் மேடம்.”

அந்த ‘மேடம்’ எனக்குப் பிடித்திருந்தது. அது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் வாசலில் நின்றிருந்த செல்வம் என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். பதினெட்டு வயதில் அவன் விமான நிலையத்தில் இந்தியப் பாஸ்போர்ட்டோடு தனி வரிசையில் நின்று எங்கள் பக்கம் பார்த்தது நினைவுக்கு வந்தது.

“எங்கக்காதானுங்க” என்று போலீஸ்காரரிடம் சொன்னான். “இந்த ஊட்டுப் புள்ளதான். பேச்சுத்தான் கொஞ்சம் அப்படி.”

“அட, அக்காங்களா? நான் என்னமோ மூக்குச் சப்பையா ஒரு அம்மா இருக்கும்னு தேடறன்.”

அதற்குள் அம்மா வந்து அவரை நாற்காலியில் உட்காரச் சொன்னாள். அம்மாவுக்கு எண்பதை ஒட்டிய வயது. களத்தில் காபிக்கொட்டையைக் கிளறிக்கொண்டிருந்தவள், கையில் துடுப்பைப் பிடித்தபடியே வந்தாள். புஷ்பா காபி கொண்டுவந்து கொடுத்தாள்.

“ஏனுங்க தம்பி, எனக்கொரு சந்தேகம்” என்றாள் அம்மா. “இவங்கப்பாவும் வந்திருக்கறாரு. அவரும் அந்தப் பாஸ்போட்டுத்தான். அவருக்கும் பாரம் போடோணுங்களா?”

“ஆமாங்கம்மா. வெளிநாட்டுக்காரங்க யாரு தங்கினாலும் போட்டரோணும். எங்கீங்க அவரு?”

“அலமாரியில.”

போலீஸ்காரர் டம்ளரைக் கீழே வைத்தார். செல்வம் விளக்கினான். அவர் எழுந்து நின்று, தொப்பியைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் தொட்டுப் பார்த்தார்.

“அது… தங்கறவங்களுக்குத்தானுங்கம்மா பாரம்.”

“அதைத்தானுங்க நானும் யோசிக்கறன். அவரு தங்கறாரா இல்லையான்னு நான் இன்னும் சொல்லலை.”

அவர் போன பிறகு அம்மா என்னைப் பார்த்தாள். “சீனாக்காரியாவே ஆயிட்டயா கண்ணு? ஒரு தமிழ்ப் பையங்கிட்ட இங்கிலீசுல பேசற.” திட்டவில்லை. ரொம்பச் சாதாரணமாகக் கேட்டாள்.

6

அந்தக் கல்லறையை அம்மா காபி விற்ற பணத்தில் கட்டினாள். நான் போய்ப் பார்த்தேன். கறுப்புக் கல்லில் சவேரியம்மாள் என்று பெயர் வெட்டி, பிறந்த வருடம் போட்டு, இறந்த வருடத்துக்கு இடம் விட்டிருந்தது. வேறு பெயருக்கு இடம் இல்லை. பங்குச் சாமியாரைக் கேட்டேன். சாம்பல் என்பதால் ஊரில் நாலு பேர் முணுமுணுப்பார்கள், திருச்சபை தடுக்கவில்லை, குடும்பக் கல்லறையில் வைக்கலாம் என்றார். “அம்மா சரின்னாப் போதும்.”

பூசைக்கு முந்தின நாள் சாயங்காலம் களத்துக்குப் போனேன். அம்மா துடுப்பால் காபிக் கொட்டையை வரிவரியாகத் தள்ளிக்கொண்டிருந்தாள். வெயில் இறங்கியதும் கூட்டி மூடிவிட வேண்டும். நானும் ஒரு பக்கம் கூட்டினேன். கேட்காமலே அவள் பேசினாள்.

“எனக்குக் கோவம் அவரு அங்க இருந்ததுக்கில்ல. முந்தின பஸ்ஸில போனவரு இறங்கி நிக்கோணும். அதுதான முறை? அவரு நிக்கலை. போயிட்டே இருந்தாரு. நான் எந்த ஸ்டாப்புல எறங்கறது?”

சிதறிக் கிடந்த கொட்டையைக் குவியலோடு சேர்த்தேன்.

“கடைசில என்ன பேசினாரு?”

இதை அவள் கேட்டுவிடக் கூடாது என்றே ஒரு வருடமாக இருந்தேன். போனில் கேட்டபோதெல்லாம் அமைதியாகப் போனார் என்று மட்டும் சொன்னேன். இப்போது சொன்னேன். கடைசி வாரம் அப்பாவுக்கு முதலில் கண்டோனீஸ் போனது. பிறகு ஆங்கிலம் போனது. தமிழ் மட்டும் இருந்தது. வார்டு கதவு திறக்கும்போதெல்லாம் தலையைத் தூக்கி, “அடுத்த பஸ் வந்துருச்சா கண்ணு?” என்று கேட்டார். நான் “இது ஆஸ்பத்திரிப்பா. இங்க பஸ் வராது” என்றேன். ஒவ்வொரு முறையும் அதையேதான் சொன்னேன். நர்ஸ், அவர் என்ன கேட்கிறார் என்றாள். குழப்பத்தில் பேசுகிறார் என்று கண்டோனீஸில் சொன்னேன். அவள் அதை அப்படியே எழுதிக்கொண்டாள்.

நான் அங்கே வேறொரு மருத்துவமனையில் பதிவுப் பிரிவில் வேலை செய்கிறேன். நோயாளிகளைப் பற்றிய குறிப்புகளில் பிழை இருந்தால் கண்டுபிடித்துத் திருத்துவது என் தொழில்.

அம்மாவின் துடுப்பு நின்றது.

“கொளப்பமா?” என்றாள். “இதுல என்ன கண்ணு கொளப்பம்? முந்தின பஸ்ஸில போன மனுசன் எறங்கி நின்னு கேக்கறதைத்தான கேட்டிருக்கறாரு?”

“ஆமாம்மா.”

“நீயும் அவருகூட எத்தனவாட்டி நின்னிருக்கற. உனக்குத் தெரியாதா?”

தெரியும். அந்த வார்டிலேயே தெரிந்திருக்க வேண்டும். மலையில் சுற்றி வந்த பஸ்ஸின் சத்தம் கேட்டதும் அப்பா இப்படித்தான் தலையைத் தூக்குவார். நான் ஹாங்காங்கின் மகளாக, நேரத்துக்கு வேலைக்குப் போக வேண்டியவளாக, அவரைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

“வந்துருச்சுப்பான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்லோ” என்றாள். பிறகு தார்ப்பாயின் ஒரு முனையை என் பக்கம் வீசினாள். “புடி. பனி எறங்குது.”

கொட்டையை மூடினோம். அப்பா தங்குவதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கும் தகுதி அன்றைக்கு எனக்கு இல்லை.

7

சனிக்கிழமை காலை செல்வம் வழக்கப்படி இரண்டு வண்டிக்கு ஏற்பாடு செய்திருந்தான். அம்மாவும் புஷ்பாவும் அவன் ஜீப்பில். நானும் அப்பாவும் பின்னால், தலைச்சோலையிலிருந்து வரவழைத்த வாடகைக் காரில். முதலில் ஜீப், அது கோயில் போய்ச் சேர்ந்ததாகப் போன் வந்த பிறகு கார். அம்மா சரி என்று சொல்லாவிட்டால் பூசை முடிந்து ஜாடியோடு திரும்பி வருவேன் என்று மனதுக்குள் முடிவு செய்திருந்தேன். அதற்குத் தோதாகக் கார்க்காரரைக் காத்திருக்கவும் சொல்லியிருந்தேன்.

அம்மா வெள்ளைச் சேலை உடுத்திக்கொண்டு வெளியே வந்தாள். ஆரஞ்சு அறைக்குள் போனாள். வெளியே வரும்போது துணிப்பை அவள் கையில் இருந்தது. ஜீப்பின் முன்னிருக்கையில் ஏறி உட்கார்ந்து, பையை மடியில் வைத்து, சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள்.

செல்வம் தயங்கினான். “அம்மா, அப்பாவும் அக்காவும் பின்னால கார்லயல்லோ வரோணும்?”

“அந்தக் காரை அனுப்பிச்சுரு சாமி.”

“எல்லாரும் ஒரே வண்டியிலயாம்மா? அப்புறம் ஊட்டைத் தொறக்க?”

“பூட்டினாத்தானடா தொறக்கறதுக்கு. ரூமு நெறைய ஆளுங்க தங்கியிருக்கறாங்க.”

பெப்பர் அறை வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்த பெங்களூர்க்காரர் ஒருவர் எங்களைப் பார்த்துக் கையசைத்தார். புஷ்பா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தபடி பின்னால் ஏறினாள். செல்வம் கார்க்காரரிடம் பேசி அனுப்பிவிட்டு வந்து வண்டியைக் கிளப்பினான்.

நான் கேட்டின் அருகிலேயே நின்றிருந்தேன். தோளில் கைப்பை, அதற்குள் பாஸ்போர்ட். எங்கே போனாலும் அதை எடுத்துக்கொண்டு போவது பழக்கம். கார் போய்விட்டது. இருந்தும் ஜீப் பக்கம் கால் நகரவில்லை. அது அம்மா பஸ். அதில் நான் ஒருநாளும் ஏறியதில்லை. அதில் எனக்கென்று ஓர் இடம் இருக்கும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை.

அம்மா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

“நீ எந்தப் பஸ்ஸுக்குக் கண்ணு நிக்கற?”

ஓடிப்போய்ப் பின்னால் ஏறினேன். புஷ்பா நகர்ந்து இடம் கொடுத்தாள். காபித் தோட்டங்களைத் தாண்டியதும் பாதை திரும்பியது. செல்வம் ஹார்ன் அடித்து வண்டியை மெல்ல வளைத்தான். நாங்கள் எல்லோரும் ஒரே பக்கமாகச் சாய்ந்தோம்.